விறைத்த சீட்டு

எரிந்த மோட்டாரை ஞானக்கனி முதலில் மோந்துதான் பார்ப்பாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒரே இழுப்பு. "மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் போயிருக்கு. மூணு நாளா முக்கிக்கிட்டு ஓடிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்பாள். கொண்டுவந்த தோட்டக்காரர் தலையைச் சொறிவார்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய மோட்டார் கம்பி கட்டும் கடை. வயது நாற்பத்திரண்டு. விரல்களில் வார்னிஷ் மஞ்சள் ஏறிக் கிடக்கும். கம்பி சுற்றும்போது கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள். மனசுக்குள் எண்ணிக்கை ஓடுகிறது என்று அர்த்தம். கடை வாசலில் ஆட்டோ கவிழ்ந்த அன்றும் அந்த விரல்தான் எழுந்தது. நாற்பத்தெட்டுச் சுற்று முடிந்ததும் ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியவர்களில் அவள்தான் பலசாலி.

ஆண்டவரிடம் கேட்காமல் அவள் எதுவும் செய்வதில்லை. கேட்பதற்குச் சீட்டு. சீட்டுகளை வேதப்புத்தகத்தின் மேல் வைத்து முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்குவாள். ஆட்டுக்கறியா மீனா என்பதற்கெல்லாம் போடமாட்டாள். அந்த அளவுக்கு அவரைத் தொந்தரவு செய்வதில்லை. ஸ்கூட்டருக்குப் போட்டாள். கல்யாணத்துக்கு மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் 'வேண்டாம்' வந்தது. மூன்றாவது மாப்பிள்ளை பார்க்க நன்றாக இருந்ததால் அவனுக்கு மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்ததாக ஒரு பேச்சு உண்டு. அவள் மறுக்கவும் இல்லை.

சீட்டை எடுப்பவர் எதிர்த்த டீக்கடை அசன் மைதீன். ஏன் அவர் என்று சபையில் சிலர் முகம் சுளித்ததற்கு, "நம்ம ஆளுக எடுத்தா அவங்க ஆசையும் கூடச் சேந்து வரும். அண்ணாச்சிக்கு நான் போனா என்ன, இருந்தா என்ன" என்று பதில் சொன்னாள். மனிதர்களை மோந்து பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் மிஷனெரிக் கூட்டத்தில் ஒரு படம் காட்டினார்கள். ஜார்க்கண்டில் பெண் பிள்ளைகளின் விடுதி. கிணற்று மோட்டார் மாதத்துக்கொரு தரம் எரிகிறது. பிள்ளைகள் குடத்தோடு ஆற்றுக்கு நடக்கிறார்கள். மோட்டார் கட்டவும், பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும், யார் போவீர்கள் என்று கேட்டார்கள். கூட்டம் முழுக்கக் கண்ணை மூடியிருந்தபோது ஞானக்கனியின் கை தானாக மேலே போயிற்று. அதே மஞ்சள் விரல்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று சீட்டு எழுதினாள். போ, போகாதே, பொறு. மறுநாள் கடையில் அசன் மைதீன் எடுத்தது 'பொறு'. அது கைதவறி வார்னிஷ் தட்டில் விழுந்துவிட்டது. எடுத்துக் காயவைத்தாள், அப்பளம்போல விறைத்துப் போயிற்று. ஜெபித்து எழுதிய சீட்டைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதையே வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் அதே மூன்று சீட்டு, அதே டப்பா, அதே கை. அடுத்து வந்த நான்கு வருடமும் 'பொறு'.

இந்த வருடம் ஆராதனை முடிந்து புதுச்சேலையோடு கடையைத் திறந்தாள். டப்பாவை அசன் மைதீனிடம் நீட்டுவதற்கு முன், விடுதியிலிருந்து வந்த கடிதத்தைச் சொன்னாள். ஏப்ரலுக்குள் யாரும் வராவிட்டால் விடுதியை மூடிவிடுவார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

டப்பாவுக்குள் எலி புகுந்ததுபோல் நெடுநேரம் சத்தம் கேட்டது. அசன் மைதீன் வெறும் கையை வெளியே எடுத்தார்.

"என்னால ஆவாது கனி. வெறப்பா ஒண்ணு கிடக்குல்லா, நாலு வருசமா அதத்தான் தேடி எடுத்துக்கிட்டு இருந்தேன். நீ போயிட்டா இந்தச் சந்துல நான் யாருகூடச் சண்ட போடுவேன்?"

ஞானக்கனி கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும் அண்ணாச்சி."

அவர் மறு கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மொத தடவ நீங்க துழாவும்போதே தெரியும். வேற சீட்டு எழுத எனக்கு ரெண்டு நிமிசம் ஆவாது. எழுதல. பாஷ தெரியாத ஊரு, பயந்து கிடந்தேன். அவருகிட்ட கேட்டுட்டு, பதில ஒங்க கையில குடுத்துட்டேன்."

 அசன் மைதீன், விறைத்ததை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் குலுக்கு, இந்தத் தடவை அல்லா அறிய ஒழுங்காக எடுக்கிறேன் என்றார்.

"வேண்டாம். அவரு அஞ்சு வருசம் முன்னாலயே, கூட்டத்துல என் கை தானா எழும்பினப்பவே சொல்லிட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தது நாந்தான். ராஞ்சிக்குப் போற ரயில ஒங்க மவன்ட்ட பாக்கச் சொல்லுங்க. மார்ச்சுக்குள்ள."

டப்பாவை அப்படியே அவர் கையில் கொடுத்தாள், விறைத்த சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு. நேற்று பாதியில் விட்ட மோட்டார் மேசைமேல் கிடந்தது. கம்பி வெளியே வராமல், அது உட்காரும் பள்ளமான காடிகளில் ஒவ்வொன்றாக ஆப்பு வைத்து அடித்திருந்தாள். கடைசிக் காடிக்கு மட்டும் ஆப்பு பாக்கி. சீட்டை நீளவாக்கில் அழுத்தி மடித்து அதன் வாயில் வைத்தாள். புதுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மரக் கொட்டாப்புளியை எடுத்து, எழுத்து உள்ளே போகும்வரை தட்டினாள்.