ஹபீபாவின் வலது கால்

பஷீருதீனுக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். மாமல்லபுரத்தில் அவனிடம் அடி வாங்காத டாக்சிக்காரன் ஒருவன் இருந்தால், அவன் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். ஆனால் இது அவன் கதை இல்லை. அந்த மரியாதையை அவனுக்கு நான் தரமாட்டேன். இது அவன் மனைவி ஹபீபாவின் கதை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். கல்பாக்கம் கேன்டீனில் வேலை முடிந்து நான் வரும்போது அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். முகம் வீங்கியிருந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். இழுத்துவிடாத நாட்கள் குறைவு. "போலீசுக்குப் போவோமா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வேணாங்க்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

எழுபத்து மூன்றிலோ நான்கிலோ அவன் மதராஸில் ஒரு பழைய அமெரிக்கக் காரை ஏலத்தில் எடுத்து வந்தான். படகு மாதிரி நீளம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி நகர ஆரம்பித்துவிடும். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவன் கோவளத்துக்கும் கோயிலுக்கும் போய்வந்தான். ஊரில் வேறு யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது என்பதில் அவனுக்குத் தலைகால் புரியாத கர்வம்.

ஒருமுறை மெக்கானிக் எல்லப்பன், மற்ற வண்டிகளுக்கு ஊற்றும் கெட்டி கியர் ஆயிலையே இதற்கும் ஊற்றப் போனான். இந்த வண்டிக்கு வேறு எண்ணெய். சிவப்பாக, மெலிசாக இருக்கும். அதை வாயால் சொல்லியிருக்கலாம். பஷீருதீன் ஜாக்கிக் கம்பியால் சொன்னான். எல்லப்பனின் முன்பற்கள் மண்ணில் கிடந்தன. அன்றிலிருந்து எந்த மெக்கானிக்கும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அதனால் எண்ணெய் மாற்றும் வேலைக்கு அவனுக்கு மிஞ்சியது பெண்டாட்டி ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தேன். எஞ்சினைத் திறப்பதை மற்ற டிரைவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று அவன் வண்டியின் மூக்கை எங்கள் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தான். எண்ணெய் நன்றாக இறங்க வேண்டுமென்று கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, முன்பக்கத்தைக் கட்டைமேல் தூக்கிவைத்து அடியில் படுத்தான். பழைய எண்ணெய் ஆவி பறக்கத் தட்டில் விழுந்தது. ஹபீபா தட்டைப் பிடித்து இழுத்தபோது கொஞ்சம் அவன் சட்டையில் தெறித்துவிட்டது.

அவன் வெளியே வந்து தட்டை எட்டி உதைத்தான். எண்ணெய் முழுக்க அவள் வலது காலில் கொட்டியது. அவள் அலறினாள். நான் சுவரோரம் ஓடினேன். பாதம் முழுக்கச் சிவந்திருந்தது. எது எண்ணெய், எது தோல் என்று தெரியவில்லை.

"இன்னா, வெந்துபூட்சா? நடிக்காதடி."

"நீ மனுசனாடா?" என்று நான் கத்தினேன். "உன் வேலையப் பாத்துகினு போ" என்றான். அவள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, முக்காட்டில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன்.

வண்டியை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினான். இனி எஞ்சின் ஓடும்போது கியரை ஒவ்வொன்றாக மாற்றி, எண்ணெய் அளவு காட்டும் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் என்றோ செத்துவிட்டது. அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "பிரேக்க மிதிச்சிகினே இரு. நான் சொல்றப்ப கியரப் போடு" என்றான். பானெட்டைத் தூக்கிவிட்டு, சுவருக்கும் பம்பருக்கும் நடுவே போய் நின்றான். யாருடைய காலை வேகவைத்தானோ அந்தக் காலை நம்பித்தான் நிற்கிறோம் என்று அந்த மடையனுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஆறிப்போன எஞ்சின் உறுமியது. பானெட் மறைத்ததில் அவளுக்கு அவன் முகம் தெரியாது. இடுக்கு வழியாக அந்தக் கைகள் மட்டும் தெரிந்திருக்கும்.

"ரிவர்ஸ் போடு!" போட்டாள். வண்டி குலுங்கி நின்றது.

"முன்னால போடு!" போட்டாள்.

வண்டி நகர்ந்தது. பம்பர் அவன் முட்டியில் ஏறி, எங்கள் சுவரோடு வைத்து நசுக்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் கெட்ட வார்த்தை வந்தது. அடுத்து வெறும் கத்தல். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பின்னால எடுக்கச் சொல்லு! ரெபேக்கா, சொல்லு!" என்று அழுதான். எஞ்சின் நசுக்கிக்கொண்டே இருந்தது.

"ஹபீபா! செத்துருவான்!" என்று கத்தினேன்.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். அவனை அவள் 'நீங்க' என்று சொல்லித்தான் அதுவரை கேட்டிருக்கிறேன்.

"இன்னா, நசுங்கிப்பூட்சா? நடிக்காத."

"அல்லா மேல ஆணையா, இனிமே கை வெக்கமாட்டேன்..."

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டாள். வண்டி பின்வாங்கியதும் அவன் சரிந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் சாயங்காலம்தான். சத்தம் கேட்டு வந்த எல்லப்பன்தான் அவனைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டான். வண்டியை ஓட்ட நான் சொன்னதற்கு, பல்லில்லாத வாயைத் திறந்து காட்டினான். "இந்த வண்டியத் தொட்டதுக்கு வாங்கினது போதும்."

ஹபீபாவே ஓட்டினாள், நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வெந்த கால் ஆக்சிலேட்டரில், நல்ல கால் பிரேக்கில். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். அவள் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அவன் பின்னால் முனகினான். பயத்தில் நான் எல்லா ஜெபத்தையும் சொல்லி முடித்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில்தான் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது. அவன் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டேன்.

"காலு வழுக்கிடுச்சா, ஹபீபா?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இல்லக்கா. நான்தான் எடுத்தேன்."

பின்சீட்டில் அவன் முனகலை அடக்கிக்கொண்டான்.