உடைப்பு ராணிக்குக் கிடைத்த வேலை

அவள் கை பட்டால் எதுவும் தப்பாது என்பது குடும்பமே அறிந்த சேதி. கண்ணாடித் தம்ளர், சுவர்க் கடிகாரம், குடைக் கம்பி, குளியலறைக் குழாய் என்று ஒன்றையும் அவள் விட்டுவைத்ததில்லை. அம்மா சூட்டிய பட்டம் உடைப்பு ராணி. மெக்கானிக்கல் கடைசி வருஷம் படித்தபோது அந்த ராணிக்கு வெளிநாட்டில் ஆறு மாத வேலைப் பயிற்சி கிடைத்தது. சக்கர நாற்காலி செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடம். வேலை என்ன தெரியுமா? உடைப்பது!

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? இது தெரியாம இத்தனை வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேனே!"

அப்பாவும் சிரித்தார், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே. பஸ் ஓட்டியவர். கால் இரண்டும் வாதத்தில் விழுந்த பிறகும் வீடு தங்காத மனிதர். சித்தப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, நாற்காலியோடு அவரை இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்குத் தூக்கிப் போவார்கள். ஒரு சாயங்காலம் பாதிப் படியில் கைப்பிடி ஒன்று கழன்று அண்ணன் கையோடு வந்துவிட்டது. அப்பா உருண்டார். அடி பெரிதில்லை, பயம்தான் பெரிது. "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்" என்றவர் அதன் பிறகு தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

சோதனைக்கூடத்தைப் பார்த்ததும் ராணிக்குத் தலைகால் புரியவில்லை. மேடுபள்ளம் வைத்த உருளைமேல் நாள் கணக்கில் ஓடும் நாற்காலிகள், உப்புத் தண்ணீர் தெளிக்கும் அறை, ஆள் எடைக்கு மணல் அடைத்த பொம்மை! பொம்மைக்கு அவள் வைத்த பெயர் மூட்டை மாமா. மாமாவை நாற்காலியில் கட்டி, இடித்து, தள்ளி, சாய்த்து ஒரு வழி பண்ணினாள். புது மாடல் ஒன்று மட்டும் எல்லாச் சோதனையிலும் ஜம்மென்று நின்றது. காதில் பென்சில் செருகிய சோதனைக்கூடத் தலைவி அவள் தோளில் தட்டினாள். "போகும்போது இதை உங்க அப்பாவுக்கு எடுத்துட்டுப் போ. மாதிரிக்குச் செஞ்சதுல மிச்சம் இது ஒண்ணுதான்."

அன்றே வீட்டுக்குப் போன் போனது. "நல்ல நாற்காலின்னா இறங்குவீங்களாப்பா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்கே அம்மா அழுதுவிட்டாள்.

கடைசி வாரம் நாற்காலியைப் பெட்டியில் வைக்கப் போனாள். கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. அண்ணன் கையோடு வந்த கைப்பிடி நினைவுக்கு வந்தது.

"கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தோமா?"

நாற்காலியை வடிவமைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படித் தூக்கக் கூடாதுன்னு புத்தகத்துலயே போட்டிருக்கோமே."

"எங்க வீட்டுல அப்படித்தான் சார் தூக்குவாங்க. படியில நிக்கிறவங்க புத்தகத்தையா புரட்டிக்கிட்டு இருப்பாங்க?"

தலைவி பென்சிலைக் கையில் எடுத்தாள். "உடைஞ்சா உனக்கு வேற நாற்காலி கிடையாது. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டியிருக்கலாம், உடையாமலே போயிருக்கலாம். ஆனால் மூட்டை மாமா இருக்கும் இடத்தில் நாளை அப்பா உட்காருவார். பெட்டியிலிருந்து நாற்காலியை இழுத்தாள்.

ஒரு பக்கம் அவள், மறுபக்கம் வடிவமைப்பாளர். கூடத்தின் படிக்கட்டில் மாமாவோடு ஏறினார்கள், இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "எங்கண்ணன் இப்படி இறங்க மாட்டான் சார். அவசரக்குடுக்கை" என்று சொல்லி, நாற்காலியைச் சாய்த்து இரண்டு படி ஒரே தாவலாகத் தாவினாள்.

டக்!

கைப்பிடி வடிவமைப்பாளர் கையில் இருந்தது. மூட்டை மாமா கீழே கிடந்தார். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவியோ "பிரமாதம்!" என்று கத்தினாள். கூடமே கை தட்டியது. உடைத்ததற்குக் கைதட்டல்! பிறந்ததிலிருந்து வசவு மட்டுமே வாங்கியவள் சிரித்தாள், கூடவே அழுதாள். கடைக்குப் போகவேண்டிய மாடல் அன்றே நிறுத்தப்பட்டது.

விமான நிலையத்தில் அம்மா அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நாற்காலி எங்கடி?"

"உடைச்சிட்டேன்மா."

"அங்க போயுமா!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் அந்தக் கம்பெனியே கூப்பிட்டு வேலை கொடுத்தது. இன்று சோதனைக்கூடம் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. புதிதாகச் சேரும் யாரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுல இதை எப்படித் தூக்குவாங்க?" என்பதுதான்.

வேலையில் சேர்ந்தபின் கிடைத்த முதல் விடுமுறையில் அவள் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே அதே மாடல் நாற்காலி, கைப்பிடி கழலாதபடி புதிய பூட்டோடு. அப்பா அதைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதை உடைச்சுப் பார்த்தியா?"

"முட்டி மோதிப் பார்த்தேன்பா. முடியல."

"உன்னாலயே முடியலையா?"

"என்னாலயே முடியல."

அப்பா ஜன்னலைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவையும் அண்ணனையும் பார்த்தார்.

"அப்போ தூக்குங்கடா."