சத்திரக்காரியின் குரல்

சுமதி இறந்த பிறகு இன்றுதான் மறுபடி எங்கள் வீட்டில் பகடை உருட்டிக் கதை ஆடினோம்.

ஆட்டத்தை நடத்துவது நான். ஆட்டக்காரர்கள் கதையில் போகும் வழியில் பார்க்கும் காவலன், திருடன், பூதம் எல்லாருக்கும் நானே பேசுவேன். சத்திரக்காரிக்கு மட்டும் என் மனைவி சுமதி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

அதனால் இன்று, "சத்திரம் பூட்டியிருக்கு. அந்தம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

பழையவர்கள் தலை நிமிரவில்லை. புதிதாகச் சேர்ந்த கிரணுக்கு எதுவும் தெரியாது. இருபது முகப் பகடையைக் கையில் எடுத்துவிட்டான்.

"இருபது விழுந்தா அவங்க திரும்பி வந்துட்டாங்க. ஓகேவா குரு?"

இருபதே விழுந்தது.

பகடை சொன்னதை நான் மறுக்கக் கூடாது. சுமதி வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கடா, எருமைங்களா."

கிரண் மட்டும் சிரித்தான். "என்ன குரு, ஆபீஸ் மீட்டிங்ல பேசுற மாதிரி திட்டுறீங்க?"

சரிதான். எனக்கு அவள் குரல் வரவில்லை. பூட்டியே வைத்திருக்கலாம்.

இப்போது சத்திரம் திறந்து கிடக்கிறது. சத்திரக்காரிக்குக் குரல் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் பக்கம் வர முடிந்தவர்கள் சொல்லுங்கள். ஆட்ட விதிகள் தெரிய வேண்டாம், மனதாரத் திட்டத் தெரிந்தால் போதும்.