கரண்டி கருவி ஆகாது

சியென்ஃபுவேகோஸ் நகரில் டாக்ஸி ஓட்டும் நிவால்தோவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. குறும்புக்கு மட்டும் வயதாகவில்லை. அவன் காருக்கு அமெரிக்க உடம்பு, ரஷ்ய எஞ்சின். பாதி நட்டுகள் அங்குலத்தில், பாதி மில்லிமீட்டரில். அவனிடம் இருப்பதோ ஒரே ஒரு பதினாலு மில்லிமீட்டர் ஸ்பேனர். நட்டு சிறியதென்றால் இடைவெளியில் கரண்டிக் காம்பைச் சொருகித் திருகுவான். பெட்ரோல் டாங்கி கசிந்தால் சோப்பு வைத்து அடைப்பான். எதையாவது இழுத்துக் கட்ட வேண்டுமென்றால் பயணியின் பெல்ட்டைக் கழற்றச் சொல்வான். அந்த ஆள் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

கரண்டிகள் எல்லாம் அவன் காதலி ஒடாலிஸ் வீட்டில் சுட்டவை. பாவம், கறுப்பு பீன்ஸ் சூப்பை அவள் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு அவள் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"அன்னிக்கு மட்டும் நீ பானெட்டத் தொட்டே, நான் இறங்கி வீட்டுக்குப் போயிருவேன்."

நாடே கும்பிடும் கோப்ரே மாதா மேல் சத்தியம் செய்தான். கோட்டுக்குள் கருவி எதுவும் எடுத்துவர மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னான்.

கல்யாணத்தைப் பதிவு செய்ய நோட்டரி ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம். தூக்கிப் போட்டதில் கார் அப்படியே நின்றது.

"பேட்டரி நட்டு லூசு," என்றான் நிவால்தோ, கையைக் கட்டிக்கொண்டு.

"இறங்கிப் பாருய்யா! நம்ம முறை போச்சுன்னா மறுபடி எப்பக் கூப்பிடுவாங்களோ!"

"சத்தியம் பண்ணியிருக்கேனே தாயே."

"சத்தியம் கேட்டவளே சொல்றேன், தொடு!"

"நீ விட்டுருவே. மாதா விடுவாளா?"

கிழவன் இதை ரசிக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. வெள்ளை கவுனைத் தூக்கிச் செருகினாள், சீட்டுக்கு அடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிப் பானெட்டைத் திறந்தாள்.

"நட்டுல ஸ்பேனர் ஆடுதேய்யா!"

அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கரண்டியை எடுத்து நீட்டினான்.

"அடப்பாவி, என் கரண்டி!"

"கோட்டுல கருவி எதுவும் இருக்காதுன்னுதானே சொன்னேன்? கரண்டி கருவி ஆகாதே!"

கரண்டியைச் சொருகி ஒரே திருகு. வண்டி உறுமியது. முழங்கை வரை மசியோடு வந்தவள் கையை நீட்டினாள்.

"தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்."

முப்பது வருஷமாக அந்த ஸ்டியரிங்கை வேறொருவர் தொட்டதில்லை. நிவால்தோவின் சிரிப்பு வற்றிப்போனது.

"ஒண்ணு நான் ஓட்டணும், இல்லே நான் நடந்தே வீட்டுக்குப் போயிருவேன். சொல்லு."

அவன் தள்ளி உட்கார்ந்தான்.

நோட்டரியின் முன்னால் சம்மதம் சொன்னபோது அவன் குரல் நடுங்கியது. கல்யாண நடுக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். வழியெல்லாம் அவள் கியர் மாற்றிய அழகை அவர்கள் பார்க்கவில்லையே.