கோதண்டத்தின் ஆறு பாஷைகள்

“நான் ஒருநாள் வாயை மூடுனேன்னு வையி, இந்தக் கம்பெனியே மூடிக்கும்பா!”

டீயை ஆற்றியபடி கோதண்டம் இதைச் சொல்லும்போது கேன்டீனில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாரம் மூன்று முறை வெளியாகும் அறிவிப்பு அது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி மறைமலை நகருக்கு வருபவர். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். அது சம்பளத்துக்கு. கௌரவத்துக்கு மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதனால் யாராலும் பிடுங்கவும் முடியவில்லை.

“ஆறு பாஷை கீது நம்ம கையில” என்பார். தெலுங்கைத் திருப்பதி தரிசன வரிசையில் கற்றார். அங்கே பக்தர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொல்லும் ‘ஜருகண்டி’ என்ற ஒரே சொல்லை வைத்து, நெல்லூர்க்காரர்கள் பதினாறு பேரை மூன்று வருஷமாக மேய்க்கிறார். பண்பான மனிதர்கள், அவர் எதற்குச் சொன்னாலும் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். இந்திக்கு ‘ஜல்தி’ போதும். மலையாளம் இழுத்துப் பேசப்படும் தமிழ், கன்னடம் உரக்கப் பேசப்படும் தமிழ். ஆங்கிலத்தில் யெஸ் சார், நோ சார் இரண்டும் உண்டு. எது எப்போது என்பதைக் கேட்பவரின் முகம் சொல்லிவிடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜப்பானிலிருந்து தகடு அழுத்தும் ஒரு பிரஸ் மெஷினும், அதை ஓட்டிக் காட்ட ஹயாஷி என்ற இன்ஜினீயரும் வந்து இறங்கினார்கள். ஹயாஷி குனிந்து வணங்கினார். கோதண்டம் அதைவிடக் குனிந்தார். அவர் இன்னும் குனிய, இவர் இன்னும் குனிய, எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று வாட்ச்மேன் மாரியும் குனிந்து தரையில் தேடினார். பர்சனல் மேனேஜர் ஸ்ரீதரின் ஆங்கிலம் கான்வென்ட் வேகம். ஹயாஷியிடம் இருந்ததோ பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள். அதனால் கோதண்டத்தின் ஆங்கிலம்தான் அவருக்குத் தோதாகப் பொருந்தியது.

மூன்றாம் நாள் பிரஸ் நின்றது.

நிறுத்தியவன் பெஞ்சலய்யா. நெல்லூர்ப் பையன். வேலை நிரந்தரமாக நான்கே நாள் பாக்கி. மெஷின் சரியில்லை என்று தோன்றியதும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். பக்கத்தில் நின்ற கோதண்டம் அதைப் பார்த்தார். கேட்காமல் மெஷினை நிறுத்துபவனை வீட்டுக்கு அனுப்புவது அந்தக் கம்பெனியின் மரபு. “எவன்னு தெரியட்டும், இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்” என்று ஸ்ரீதர் பேனாவைத் திறந்துகொண்டே வந்தார்.

அதற்குள் ஹயாஷி ஓடிவந்து, “ஹூ ஸ்டாப்?” என்றார்.

கோதண்டம் மார்பை நிமிர்த்தினார். “நோபடி சார்! மெஷின்… ஓன் ஸ்டாப்!”

பெஞ்சலய்யாவின் காதில், “கம்முனு கெட. இருபது வருசமா பாத்துக்கினு கீறேன். யாருன்னு கேட்டா மெமோன்னு அர்த்தம். ஜப்பான்லயும் அதாண்டா” என்றார். ஜப்பானை அவர் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் என்ற அளவில் அறிவார்.

தன் மெஷின் தானாக நின்றுவிட்டது என்று கேட்டதும் ஹயாஷியின் முகம் செத்துப்போனது. கோட்டைக் கழற்றினார். மின்பெட்டியைத் திறந்தார். மொத்தத்தையும் பிரிக்க வேண்டும் என்று மூன்று விரல்களைக் காட்டினார்.

“மூணு நாளா? இன்னாய்யா சொல்லித் தொலைச்சே அவர்கிட்ட?” என்றார் ஸ்ரீதர்.

“தப்பு அவுங்க மெஷின் மேலன்னு ஒத்துக்க வெச்சிட்டேன் சார்!”

பெஞ்சலய்யாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, மெஷின் மீத தப்பு இல்ல. நானே நிறுத்தினது. செப்பேஸ்தானு, சொல்லிடுறேன்.”

“வேல பூடும்டா டேய்! ஜருகண்டி! ஜருகண்டி!”

அவன் நகர்ந்தான், முன்பக்கமாக. தன் மார்பைத் தொட்டான், சிவப்புப் பொத்தானைத் தொட்டான். பிறகு ஹயாஷியின் கையைப் பிடித்து மெஷினின் இடதுகால் அடிப்பகுதியில் வைத்து, தன் கையை நடுக்கிக் காட்டினான். ஹயாஷி ஸ்விட்சைப் போட்டார். நாடி பார்ப்பவர்போலக் கண்ணை மூடினார். உடனே நிறுத்தினார். அடித்தள போல்ட் தளர்ந்திருந்தது.

பிறகு அந்த மனிதர் பெஞ்சலய்யாவின் முன் இடுப்பு வரை குனிந்தார். மேனேஜருக்குக்கூட அந்த ஆழம் கிடைத்ததில்லை. “ஸ்டாப் மேன், குட் மேன்! மை ஃபேக்டரி… ஸ்டாப் மேன், தேங்க் யூ!”

ஸ்ரீதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லுய்யா.”

கோதண்டம் வாயைத் திறந்தார். ஆறு பாஷையிலும் தேடினார். அதற்குள் பெஞ்சலய்யாவும் ஹயாஷியும் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பானரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தெலுங்கில், மற்றவர் ஜப்பானியில். உள்ளே இருட்டு. வெளிச்சம் கேட்டு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

கோதண்டம் திறந்த வாயை மூடிக்கொண்டார். டார்ச்சை எடுத்துவந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர்கள் காட்டிய இடத்துக்கெல்லாம் அடித்தார். நாற்பது நிமிஷம், ஒரு வார்த்தை இல்லை. பிரஸ் தடதடவென்று ஓடத் தொடங்கி முதல் பீஸ் வந்து விழுந்தபோதும், டார்ச்சை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.