மே மாதத்தில் பார்த்த வீடு

திருப்பூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தபோதுதான் கோத்தகிரியில் அந்த வீட்டைப் பார்த்தோம். இளவெயிலும் தேயிலைச் சரிவும் மனதை மயக்கின. பக்கத்து வீட்டில் இருந்த, தேயிலை பறிக்கப் போகும் அம்மா வேலியோரம் வந்து, "ஏனுங்க, ஐப்பசி மழையில ஒருக்கா வந்து பாத்துட்டு வாங்குங்க" என்றார். வாங்கவிடாமல் கெடுக்கிறார் என்று நினைத்து, மறுவாரமே கிரயம் முடித்தேன்.

ஐப்பசியில் மேட்டுத் தண்ணீர் சமையலறையில் புகுந்து வாசல் வழியே ஓடியது. பின்சுவர் விரிசல் விட்டது. அந்த அம்மாதான் தன் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார்.

இந்த மே மாதம் வீட்டைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். விரிசலைப் பூசி வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

"மழைக்காலத்துல எப்படிங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

வேலிக்கு அப்பால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்றேன்.

அன்று எனக்காக வாய் திறந்தவர், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.