நகம் வெட்ட எட்டாத கால்

முட்டியில் வலி என்று ஒருவர் கைவைத்துக் காட்டினால், அந்தக் கையை எவ்வளவு தூரம் நம்பலாம்? பிசியோதெரபி படித்து ஆறு வருடம் வேலை பார்த்த பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தருமபுரத்தில் என் மகள் போகும் ப்ளே ஸ்கூலில் ஆயா. வீடு தலத்தெருவில். என் மகளை வைத்து என்னை 'பாப்பாம்மா' என்றுதான் கூப்பிடுவார். நாலு மாதம் முன்பு என் கிளினிக்குக்கு வந்தார்.

"பூசையில முட்டி போட முடியல பாப்பாம்மா. வலது முட்டி உசுரு போவுது."

முறைப்படிதான் பார்த்தேன். காலையில் சிறிது நேரம் விறைப்பு, மடக்கினால் நறநறவென்று சத்தம், படி இறங்கினால் வலி. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைந்திருந்தது. ஓரத்தில் சின்ன எலும்பு முளை. எல்லாம் பொருந்தியது. 'முட்டித் தேய்மானம்' என்று எழுதினேன்.

அந்த வார்த்தை இருக்கிறதே... எழுதியதும் கேள்வி கேட்பது நின்றுவிடும். ஐம்பது தாண்டிய பலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். வலி அங்கிருந்துதான் வருகிறது என்று எக்ஸ்ரேயா சொன்னது? நான் சொன்னேன்.

ஒரு நாள் பயிற்சிக்கு வந்தபோது அக்கா சொன்னார்: "கால் நகம் வெட்டக் கை எட்ட மாட்டேங்குது. எங்க வூட்டுக்காருதான் வெட்டி வுடுறாரு. கல்யாணமாயி முப்பது வருசத்துல இப்பதான் அந்த மனுசன் என் காலப் புடிக்கிறாரு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான் — படுக்கவைத்து, காலை மடக்கி, இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்ப்பது. அரை நிமிட வேலை. இடுப்பு மூட்டு கெட்டால் கால் நகத்துக்குக் கை எட்டாது; வலி மட்டும் முட்டியில் வந்து நிற்கும். காலேஜில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்.

"மேலயும் கொஞ்சம் இழுக்குது" என்றும் சொன்னார். தொடையிடுக்கை ஒரு பெண் வேறு எப்படிச் சொல்வார்? நான் தொடைச் சதை என்று எடுத்துக்கொண்டு, காலைத் தூக்கும் பயிற்சியைக் கூட்டினேன்.

மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே மூன்று முறை தெர்மாமீட்டர் வைப்பவள் நான்.

போன வாரம் ஒரு குழந்தையைத் தூக்கும்போது அக்காவால் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் அக்காவோடும் அவர் வீட்டுக்காரரோடும் நானும் போனேன். இப்போது இடுப்புக்கு எக்ஸ்ரே. ரத்த ஓட்டம் நின்று, தொடை எலும்பின் பந்துமுனை நொறுங்கி அமுங்கியிருந்தது. மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

"முன்னாடியே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தா, மூட்டைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் அக்காவிடம் திரும்பினார். "அவங்க சொன்ன எக்சர்சைச ஒழுங்கா செஞ்சியா நீ?"

"பாதி நாளு செய்யலங்க. என் தப்புதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன் முடிஞ்சு நீங்கதான் என்னை நடக்க வைக்கணும் பாப்பாம்மா. வேற யாருகிட்டயும் போவ மாட்டேன்."

ஆபரேஷன் அடுத்த மாதம். தவறு என்னுடையது என்று முன்பே சொல்லட்டுமா? பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டால்? பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டாரா? உங்களில் என் தொழிலில் இருப்பவர்கள் இருப்பீர்கள். இப்படி நம்பி வந்து ஏமாந்தவர்களும் இருப்பீர்கள். எழுதுங்கள்.

சொல்லவே வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள் — இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.